818 கிட் கார்: எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப் போடுவது

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வேர்ஹாம் என்ற ஊரில் இயங்கும் ஃபேக்டரி ஃபைவ் ரேசிங் நிறுவனம் உருவாக்கிய 818 கிட் காருக்கு (பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கார்) பெயரே அதன் இலக்குதான்: 818 கிலோ. 2002 முதல் 2007 வரை வந்த சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் ஒன்றை வாங்கிப் பிரிக்க வேண்டும். பாகம் தரும் அந்தப் பழைய காரை டோனர் கார் என்பார்கள். அதன் டர்போ எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங், பிரேக், வயரிங் எல்லாவற்றையும் கிட்டோடு வரும் இரும்புக் குழாய்ச் சட்டகத்தில் பூட்ட வேண்டும். முன்னால் இருந்த எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் போகிறது. நான்கு சக்கர இழுவை பின்சக்கர இழுவையாகிறது.

ஆப்ஷன் பட்டியலைத் திறக்கும் முன் ஒரு சின்னக் கணக்கு. 2002 டபிள்யூஆர்எக்ஸில் 227 ஹெச்பி (குதிரைத்திறன்). வண்டி எடை சுமார் 1,400 கிலோ. அதாவது டன்னுக்கு 162 ஹெச்பி. அதே எஞ்சினை அப்படியே தூக்கி 850 கிலோ வண்டியில் வைத்தால் டன்னுக்கு 267 ஹெச்பி. பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர் என்று புதியவர்கள் முதலில் தேடுவது எதுவோ, அது எடை குறைந்ததிலேயே கிடைத்துவிட்டது. ஆகவே பணம் போக வேண்டிய வரிசை வேறு: பிறகு மாற்ற முடியாதவை முதலில், எஞ்சினை உயிரோடு வைத்திருப்பவை அடுத்து, நிறுத்துபவையும் திருப்புபவையும் அதற்கடுத்து. ஹெச்பி கடைசி.

கேரேஜில் ஒரு எடை மெஷினும் ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குள் போகும் ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதுங்கள். ஏசி, ஸ்டீரியோ, கம்பளம், கனமான இருக்கை எதுவும் தனியாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. கூட்டிப் பார்க்கும்போதுதான் 818 எப்படி 950 ஆகிறது என்று புரியும்.

ஆர்டர் கொடுக்கும் நாளில் முடிவாக வேண்டியவை

முதல் முடிவு எந்த வடிவம் என்பது. எஸ் என்பது கண்ணாடியுடன் கூடிய திறந்த தெருவண்டி. ஆர் என்பது ரேஸ் டிராக்குக்கானது. முழு இரும்புக் குழாய்க் கூண்டு உண்டு, முறையான முன்கண்ணாடி கிடையாது. சி என்பது கூரையுள்ள கூபே. "ஆர் வாங்கித் தெருவிலும் ஓட்டிக்கொள்ளலாம்" என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். முழுக் கூண்டுக்குள் ஹெல்மெட் இல்லாமல் உட்கார்ந்தால், சின்ன மோதலில்கூடத் தலை போய் இடிக்கும் இடம் இரும்புக் குழாய். தெருவுக்கு எஸ் அல்லது சி போதும். தலை எட்டக்கூடிய எல்லாக் குழாயிலும் அடர்த்தியான பாதுகாப்பு நுரை சுற்றுங்கள். வீட்டுக் குழாய்களுக்குச் சுற்றும் மென்மையான நுரை இதற்கு உதவாது.

நான்கு முனை, ஆறு முனை பெல்ட் வேண்டுமானால் இருக்கையையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். தோள்பட்டைப் பட்டை பின்பக்கக் குழாய்க்குப் போகும்போது கிடைமட்டமாகவோ, அதிலிருந்து 20 டிகிரிக்குள் கீழிறங்கியோ இருக்க வேண்டும். அதற்கு மேல் சரிந்தால் மோதலின்போது பட்டை முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும்.

அடுத்தது சட்டகத்தின் பவுடர் கோட்டிங். இது அழகு சார்ந்த ஆப்ஷன் போலத் தெரியும். உண்மையில் துரு சார்ந்தது. வண்டி பூட்டி முடிந்தபின் கோட்டிங் அடிக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு: கூடுதல் பிராக்கெட்டுகளை வெல்டிங் செய்யும் திட்டம் இருந்தால் சட்டகத்தைப் பூச்சில்லாமல் வாங்கி, வெல்டிங் முடித்து, உள்ளூரில் கோட்டிங் போடுங்கள். கோட்டிங் மேல் வெல்டிங் செய்தால் சுற்றிலும் பூச்சு எரிந்து, துரு அங்கேதான் தொடங்கும்.

பதிவுக்கான காகிதங்களையும் அன்றே கேட்டு வாங்குங்கள். கிட்டின் உற்பத்திச் சான்று, டோனர் காரின் டைட்டில் (உரிமைச் சான்று), பெரிய பாகங்களுக்கான ரசீதுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். அமெரிக்காவில் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் எஸ்பி 100 சட்டப்படி இப்படிக் கட்டிய வண்டிகளில் ஆண்டுக்கு 500-க்கு மட்டும் தனிச் சலுகை உண்டு. அந்த வரிசையில் நிற்பதற்கே காகிதம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

டோனர் காரும் ஓர் ஆப்ஷன்தான்

2002 முதல் 2005 வரை வந்தவற்றில் 2.0 லிட்டர் இஜே205 எஞ்சின். 2006, 2007-இல் 2.5 லிட்டர் இஜே255. பெரிய எஞ்சினில் கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவை கிடைக்கும். முன்னால் நான்கு பிஸ்டன், பின்னால் இரண்டு பிஸ்டன் பிரேக் காலிப்பர்களும் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) கூடவே வரும். அதன் பலவீனம் பிஸ்டன்: வளையங்களுக்கு நடுவே உள்ள மெல்லிய விளிம்பு, நாக் (கலவை நேரம் தப்பி வெடிப்பது) ஏற்பட்டால் உடைந்துவிடும். இஜே205 அந்த விஷயத்தில் கொஞ்சம் பொறுமைசாலி. முதல் கிட் கட்டுபவருக்கு, நல்ல நிலையிலிருக்கும் 2.0 லிட்டரே போதும் என்பது எங்கள் கருத்து. 850 கிலோவுக்கு அது குறைவான எஞ்சின் அல்ல.

டபிள்யூஆர்எக்ஸின் வலுவான வகையான எஸ்டிஐ டோனராகக் கிடைத்தால் அதன் ஆறு கியர் பெட்டி வலுவானது, எடையும் கூடுதல். முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலை எலக்ட்ரானிக் முறையில் கட்டுப்படுத்தும் அமைப்பு அதில் இருப்பதால் இருசக்கர இழுவைக்கு மாற்றும் வேலையும் வேறு மாதிரி. வீல் போல்ட் வட்டமும் கவனிக்க வேண்டியது: டபிள்யூஆர்எக்ஸிலும் 2004 எஸ்டிஐயிலும் 5×100 (ஐந்து போல்ட், 100 மில்லிமீட்டர் வட்டம்), 2005 முதல் எஸ்டிஐயில் 5×114.3. இரண்டையும் கலந்து வாங்கி, முன்னும் பின்னும் வேறு வேறு வீல் தேவைப்பட்டுத் தவிப்பவர்கள் உண்டு.

ஓடுகிற முழு காராகவே வாங்குங்கள். எஞ்சின் ஒரு இடம், வயரிங் ஒரு இடம் என்று சேர்த்தால் சென்சார் பிளக்கில் தொடங்கி எல்லாம் பொருந்தாமல் போகும். பிரிப்பதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் 10 சதவீதத்துக்கு மேல் போனால், லீக்டவுன் சோதனை (சிலிண்டரிலிருந்து காற்று எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) செய்யாமல் பணம் கொடுக்க வேண்டாம். சாவி, இசியூ (எஞ்சினை இயக்கும் கணினி), இம்மொபிலைசர் (சாவியைச் சரிபார்க்கும் திருட்டுத் தடுப்பு) இருந்தால் அதன் பெட்டி எல்லாம் ஒரே காரிலிருந்து வர வேண்டும். பனிக்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் மாநிலத்துக் கார் என்றால் சஸ்பென்ஷன் போல்ட் எல்லாம் இறுகிக் கிடக்கும். அந்த நேரத்தையும் பேரத்தில் சேருங்கள்.

எஞ்சின் வெளியே இருக்கும் அந்தச் சில வாரங்கள்

இந்தக் கட்டத்தில் செலவழிக்கும் தொகை சிறியது, பலன் பெரியது. காரணம் எளிது. 818-இல் எஞ்சினின் டைமிங் பெல்ட் பக்கம் இருக்கைக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவரைப் பார்த்தபடி உட்காரும். வண்டி முடிந்தபின் அங்கே கை போவதே கஷ்டம்.

டைமிங் பெல்ட்டை இப்போதே மாற்றுங்கள். பெல்ட் மட்டும் போதாது. டென்ஷனர், ஐட்லர் உருளைகள், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து. சுபாரு சொல்லும் இடைவெளி 1,05,000 மைல். ஆனால் டோனர் காரின் மீட்டரை நம்பி விட்டுவைக்காதீர்கள். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும் வகை எஞ்சின் இது. தடுப்புச் சுவரில் கழற்றக்கூடிய ஒரு பலகை வைத்துக்கொண்டால் அடுத்த முறை எஞ்சினை இறக்காமல் வேலை முடியும்.

ஆயில் பானைக் கழற்றி, ஆயில் உறிஞ்சும் குழாயைப் பாருங்கள். வெல்டிங் செய்த இடத்தில் விரிசல் விடுவது இந்த எஞ்சின்களின் பழைய நோய். விரிசலில் காற்று புகுந்தால் ஆயில் பிரஷர் விழும்; கனெக்டிங் ராடு பேரிங் போகும். கனமான மாற்றுக் குழாயும், பானுக்குள் ஆயில் ஒருபக்கம் ஓடாமல் தடுக்கும் தட்டும் போடுங்கள். லேசான வண்டி நல்ல டயரோடு வளைவில் டோனர் காரைவிட வேகமாகத் திரும்பும். ஆயில் அதே அளவுக்குப் பக்கவாட்டில் ஒதுங்கும். இந்த இரண்டு பாகங்களும் பெரிய டர்போவைவிட முன்னால் வர வேண்டியவை.

2006-07 எஞ்சினில் டர்போவுக்கு ஆயில் போகும், நடுவே துளையுள்ள பேஞ்சோ போல்ட்டுக்குள் ஒரு சின்ன வலை வடிகட்டி இருக்கும். அது அடைத்தால் டர்போ பட்டினி கிடந்து சாகும். எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். 2002-05 கார்களில் எக்ஸாஸ்ட்டை டர்போவுக்குக் கொண்டுபோகும் அப்பைப்புக்குள், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஒன்று உண்டு. அது நொறுங்கினால் துண்டுகள் நேரே டர்பைன் இறக்கையில் போய் அடிக்கும். கன்வர்ட்டர் இல்லாத அப்பைப்பைப் பலரும் பூட்டுகிறார்கள். உங்கள் மாநிலப் புகைச் சோதனை அதை அனுமதிக்கிறதா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கிளட்ச், பின்பக்கக் கிராங்க் சீல், ரிலீஸ் பேரிங் மூன்றையும் இதே சமயத்தில் மாற்றிவிடலாம்.

கியர்பாக்ஸ்: பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது செல்லாது

சுபாருவின் முன் ஆக்ஸில்கள் இப்போது பின்சக்கரங்களைச் சுழற்றுகின்றன. பின்னால் போகும் ஷாஃப்ட் இல்லை. அதைக் கழற்றிவிட்டு அப்படியே ஓட்டினால் நடு டிஃபரன்ஷியல் தன் சக்தியைச் சும்மா சுழலும் பக்கத்துக்கு அனுப்பும், அதற்குள் இருக்கும் விஸ்கஸ் கப்ளிங் (கெட்டித் திரவ இணைப்பு) சூடாகி எரியும். எனவே நடு டிஃபரன்ஷியலைப் பூட்டியாக வேண்டும். இதற்கென்றே விற்கும் ஸ்பூல் (இரு பக்கத்தையும் ஒன்றாக இறுக்கும் பாகம்) போடுவது ஒரு வழி. பழையதை வெல்டிங் செய்து இறுக்குவது மலிவான வழி. ஸ்பூல் சுத்தமான வேலை; வெல்டிங் செய்தால் அதன் துகள்கள் ஆயிலில் போகாதபடி நன்றாகக் கழுவ வேண்டும். பின்வாசலை மூடும் தகட்டில் சீல் சரியாக உட்காராவிட்டால் கியர் ஆயில் எக்ஸாஸ்ட் மேல் சொட்டும்.

எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) பற்றி முடிவெடுக்க வேண்டிய நேரமும் இதுதான். டபிள்யூஆர்எக்ஸின் முன் டிஃபரன்ஷியல் திறந்த வகை. பின்சக்கர இழுவையில், லேசான வண்டியில், வளைவை விட்டு வெளியேறும்போது உட்பக்கச் சக்கரம் சும்மா சுழலும். சக்தி புகையாகப் போகும். ஹெலிகல் வகை எல்எஸ்டி இந்த வண்டிக்கு நன்றாகப் பொருந்தும். அதைப் போட கியர்பாக்ஸை இரண்டாகப் பிளந்து, ரிங் கியர் இடைவெளியை அளந்து வைக்க வேண்டும். பூட்டிய வண்டியில் அது பல நாள் வேலை. வாங்கும் முன் உங்கள் பெட்டியின் ஆக்ஸில் முனை ஆண் வகையா பெண் வகையா என்று பாருங்கள். எல்எஸ்டியிலும் இரண்டு வகை உண்டு.

ஐந்து கியர் பெட்டி பற்றிக் கேட்டால் "கண்ணாடி மாதிரி உடையும்" என்பார்கள். கனமான காரில், நான்கு சக்கரமும் தரையைப் பிடித்த நிலையில், கிளட்சைத் திடீரென விட்டதால் வந்த பெயர் அது. இங்கே எடை குறைவு; பிடி போதாமல் டயர் முதலில் வழுக்கும். மிதமான சக்தியில் அந்தப் பெட்டி நன்றாகவே உழைக்கும்.

வெப்பம்

கட்டி முடித்த 818 வீட்டு வாசலில் நின்றுபோனால் பெரும்பாலும் இங்கேதான் காரணம் இருக்கும்.

ரேடியேட்டர் மூக்கில், எஞ்சின் முதுகில். நடுவே நீளமான இரண்டு குழாய்கள். தண்ணீர் நிரப்பும்போது இந்த நீளத்தில் எங்காவது காற்று சிக்கினால் வெப்பமானி முள் ஏறி இறங்கும், ஹீட்டர் குளிர்ந்த காற்று விடும், சிலிண்டர் ஹெட் மட்டும் தனியாகக் கொதிக்கும். குழாய்கள் நடுவில் எங்கும் மேடாகாமல் ஒரே மட்டத்தில் போகும்படி கட்டுங்கள். ரேடியேட்டரின் உச்சியில் காற்று விடும் திருகு இருக்கட்டும். டர்போவுக்கு அருகிலிருக்கும் சுபாருவின் நிரப்புத் தொட்டிதான் எஞ்சின் பக்கத்தில் ஆக உயரமான இடமாக இருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திய பிறகு டர்போவின் சூடு அந்தத் தொட்டிக்குத் தானாக ஏறிப் போகும். தொட்டியைத் தாழ்த்தி வைத்தால் அந்த ஓட்டம் நின்று, டர்போவுக்குள் தண்ணீர் கொதித்து ஆவியாகும்.

நிரப்பும் முறை:

1. எஞ்சின் ஆறிய நிலையில் வண்டியின் மூக்கை ஜாக்கியில் ஏற்றுங்கள். ரேடியேட்டர் உச்சி மற்ற எல்லாவற்றையும்விட மேலே வரட்டும்.
2. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட்டை மெதுவாக ஊற்றி, ரேடியேட்டர் திருகில் குமிழியில்லாமல் வரும்போது மூடுங்கள்.
3. வண்டியைச் சமமாக இறக்கி, எஞ்சின் பக்கத் தொட்டியை நிரப்புங்கள்.
4. ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். ரேடியேட்டருக்குப் போகும் குழாயும் திரும்பும் குழாயும் சூடாகி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள்.
5. முழுதாக ஆறவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் முதல் படியிலிருந்து மீண்டும்.

வெற்றிடத்தில் உறிஞ்சி நிரப்பும் கருவி இருந்தால் வேலை பாதியாகும். தெர்மோஸ்டாட் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம்: சுபாருவின் அசல் பாகமே போடுங்கள். இந்த எஞ்சினில் அது ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் உள்ளே வரும் வாயில், வாட்டர் பம்புக்கு அடியில் இருக்கிறது. வெளிச்சந்தை தெர்மோஸ்டாட் பல அங்கே சரியாகத் திறப்பதில்லை.

அடுத்தது, டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். டோனரில் அது எஞ்சின் மேல் படுத்திருக்கும், பானெட்டின் வாய் வழியாகக் காற்று வரும். இங்கே அந்த இடம் வண்டியின் முதுகு. காற்றுத் தானாக அங்கே இறங்காது. இரண்டு வழி: அதே இன்டர்கூலரை வைத்து, பக்கவாட்டு வாயிலிருந்தோ மேலிருந்தோ நான்கு பக்கமும் அடைத்த காற்றுக்குழாய் கட்டி, அடியில் ஃபேன் வைப்பது. இல்லையென்றால் தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர், அதற்கென்று தனிப் பம்ப், முன்னால் தனிச் சின்ன ரேடியேட்டர். தெரு ஓட்டத்துக்கு முதல் வழி போதும், எடையும் குறைவு. தொடர்ந்து டிராக்கில் ஓட்டுபவர் இரண்டாவதற்குப் போகலாம். எதுவானாலும் உள்வாங்கும் காற்றின் வெப்பத்தை ஒரு சென்சார் வைத்துப் பாருங்கள். "கைவைத்தால் சூடாக இல்லை" என்பது அளவு அல்ல.

எக்ஸாஸ்ட்டுக்கும் ஃபைபர் உடலுக்கும் நடுவே அலுமினியக் கேடயம், டர்போவுக்கு வெப்ப உறை, ஃபியூயல் குழாய்க்கும் கிளட்ச் குழாய்க்கும் வெப்பச் சட்டை ஆகியவை ஆப்ஷன் பட்டியலில் இல்லாவிட்டாலும் வாங்க வேண்டியவை.

பிரேக்: பெரியது வேண்டாம், சமநிலை வேண்டும்

டோனர் காரின் பிரேக் மூக்கு கனத்த வண்டிக்கு அளந்து செய்தது. இங்கே எடை பின்பக்கம் சாய்ந்திருக்கிறது, கால் விசையைக் கூட்டும் பூஸ்டரும் பெரும்பாலும் இல்லை. ஆகப் பெரிய காலிப்பர் வாங்குவதைவிட பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் துளை அளவு முக்கியம். 1 அங்குலத்திலிருந்து 3/4 அங்குலத்துக்கு இறங்கினால் பரப்பு 56 சதவீதமாகிறது. அதே அழுத்தத்துக்குக் காலின் விசை ஏறக்குறைய பாதி போதும். பதிலுக்குப் பெடல் அதே விகிதத்தில் கூடுதலாக உள்ளே போகும். மிகச் சிறிய துளை போட்டால் பெடல் தரையைத் தொடும். பிரேக் பேடில் ரேஸ் வகை வேண்டாம். லேசான வண்டி அதைச் சூடாக்காது, குளிர்ந்த நிலையில் அது கடிக்காது.

முன்பின் அளவைச் சரிசெய்யும் வால்வு பின்பக்கக் குழாயில் மட்டும்தான் வர வேண்டும். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் முன்சக்கரம்தான் முதலில் பூட்டிக்கொள்ள (சுழலாமல் நின்றுவிட) வேண்டும். நடு எஞ்சின் வண்டியில் பின்சக்கரம் முதலில் பூட்டினால் அரை நொடியில் சுழன்றுவிடும். காலியான இடத்தில், ஈரத் தரையில், 40 கிலோமீட்டர் வேகத்தில், வெளியே ஒருவரை நிற்கவைத்துச் சோதியுங்கள். பின்காலிப்பரை வேறு வகைக்கு மாற்றினால் கைபிரேக் என்ன ஆகும் என்று முதலில் யோசியுங்கள். டோனரில் அது பின் டிஸ்க்குக்குள் இருக்கும் சின்ன டிரம்.

டயர், சஸ்பென்ஷன், ஸ்டியரிங்

அகலமான டயர் அழகு. ஆனால் இந்த எடையில் அது சூடாகாது; கனமான வீல் மேடுபள்ளத்தில் குதிக்கும். முன்னால் 225 அல்லது 235, பின்னால் 245 அல்லது 255 மில்லிமீட்டர் அகலம் என்பது நிதானமான தேர்வு. வீலின் எடையைக் கேட்டு வாங்குங்கள். சீரமைப்புக்குத் தொடக்கமாக நான்கிலும் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) மைனஸ் 1.5 டிகிரி, முன்னால் டோ (சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம், பின்னால் 2 முதல் 3 மில்லிமீட்டர் டோ-இன். பின்பக்கம் டோ-அவுட் ஆகிவிட்டால் நேர்ச்சாலையிலேயே வண்டி அலையும். ஓட்டுநரை இருக்கையில் உட்கார வைத்த நிலையில் அளக்க வேண்டும். 80 கிலோ ஆள் இந்த வண்டியின் பத்தில் ஒரு பங்கு.

பவர் ஸ்டியரிங் தேவையில்லை. ஆனால் ரேக்கின் இரண்டு குழாயையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். உள்ளே பிஸ்டன் சீல் இருக்கும்வரை அது இழுத்துப் பிடிக்கும். ரேக்கைத் திறந்து அந்தச் சீலை எடுத்து, கிரீஸ் போட்டு மூடினால் கை லேசாகும்.

வயரிங்

டோனர் வயரிங்கில் பெரும்பகுதி உங்களுக்கு வேண்டாதது: கதவு, ஏர்பேக், பின் வைப்பர். ஒவ்வொரு பிளக்குக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டிவிட்டுக் குறைக்கத் தொடங்குங்கள். வெட்டும் முன் எஞ்சினைச் சட்டகத்தில் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு கொஞ்சம் வெட்டி, மறுபடி ஓட்டிப் பார்த்து, மறுபடி வெட்டுங்கள். மொத்தமாக வெட்டிவிட்டுத் தேடினால் எது போச்சு என்று தெரியாது. சுபாரு மீட்டரில் ஆயில் பிரஷருக்கு விளக்கு மட்டும்தான். முள் உள்ள மீட்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள்.

கடைசியாக ஹெச்பி

உடல் பொருத்தும் முன்பே, வெறும் சட்டகமாக, தனியிடத்தில் வண்டியை ஓட்டிப் பாருங்கள். கசிவு, வெப்பம், கிளட்ச் எல்லாம் அப்போது கண்ணுக்குத் தெரியும். அதன்பின் சாலையில் ஆயிரம் கிலோமீட்டராவது கம்பெனி வைத்த பூஸ்ட்டிலேயே (டர்போ தரும் காற்றழுத்தம்) ஓட்டுங்கள்.

எஞ்சினுக்குள் போகும் காற்றை அளப்பது மாஃப் சென்சார். அது உட்கார்ந்திருக்கும் குழாயின் விட்டம் மாறினால் இசியூ தப்பாகக் கணக்குப் போடும். விட்டம் பெரிதானால் கலவை மெலிந்து பிஸ்டன் விளிம்பு உடையும். கிட்டுக்கு ஏற்றபடி காற்றுக்குழாயை வளைக்கும்போது சென்சார் வீட்டை அப்படியே வைத்து, அதற்கு முன்னும் பின்னும் நேர்க்குழாய் விடுங்கள். த்ராட்டிலை மூடும்போது டர்போ காற்றை விடுவிக்கும் பைபாஸ் வால்வு அதை வெளியே ஊதாமல் உள்ளேயே திருப்பிவிடட்டும். அளந்த காற்று வெளியே போனால் கியர் மாற்றும்போதெல்லாம் கலவை தடித்து எஞ்சின் தடுமாறும்.

818-இன் எக்ஸாஸ்ட் மிகக் குட்டை. அடைப்பில்லாமல் காற்று வெளியேறுவதால், மிகுதி எக்ஸாஸ்ட்டை டர்போவைச் சுற்றி வெளியே விடும் வேஸ்ட்கேட்டின் சின்னத் துளை போதாமல் பூஸ்ட் தானாக ஏறும். இதை பூஸ்ட் க்ரீப் என்பார்கள். குளிர்ந்த நாளில், மேல் கியரில் இது தெரியும். இலக்கைத் தாண்டினால் இசியூ பெட்ரோலை வெட்டிவிடும், வண்டி சுவரில் மோதியதுபோல நிற்கும். மருந்து வேஸ்ட்கேட் துளையைப் பெரிதாக்குவதும், இந்த எக்ஸாஸ்ட்டுக்கென்றே இசியூவைச் சரிசெய்வதும். காப் அக்சஸ்போர்ட் என்ற கருவி மூலமாகவோ, ரோம்ரைடர் போன்ற இலவச மென்பொருள் மூலமாகவோ அந்த வேலையைச் செய்யலாம். டோனர் காருக்கென்று எழுதிய ரெடிமேட் மேப்பை (இசியூவுக்கான அமைப்புக் கோப்பு) இந்த வண்டியில் ஏற்ற வேண்டாம். எக்ஸாஸ்ட், காற்றுவழி, இன்டர்கூலர் மூன்றும் வேறு.

டியூன் செய்பவரிடம் முழு த்ராட்டிலில் பதிவு செய்த கலவை அளவு, பூஸ்ட், நாக் திருத்தம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். நாக் திருத்தம் அடிக்கடி மைனஸில் இறங்குகிறதென்றால், ஹெச்பி எண் எவ்வளவு இனித்தாலும் பூஸ்ட்டைக் குறைத்து மறுபடி பதிவெடுக்கச் சொல்லுங்கள்.